குதிரையோடு நடக்கலாம், அப்புறம் ஏறலாம்

சின்ன வயதில் கொஞ்ச காலம் குதிரைச் சவாரி கற்றுக்கொண்டு, அப்புறம் விட்டுப்போன தமிழர்கள் பெங்களூரில் நிறையப் பேர் இருக்கிறார்கள். என்.சி.சி. குதிரைப் பிரிவில் இருந்தவர்கள், அப்பா ராணுவத்தில் இருந்ததால் கன்டோன்மென்ட் லாயத்தில் கற்றவர்கள், ஊட்டிப் பக்கம் விடுதிப் பள்ளியில் படித்தபோது ஏறியவர்கள் எனப் பல வகை. படிப்பு, வேலை, கல்யாணம், குழந்தை என்று வருடங்கள் ஓடிவிட்டன. இப்போது நாற்பதை ஒட்டிய வயதில் ஆசை திரும்பியிருக்கிறது. எங்கே தொடங்குவது என்று கேட்கிறார்கள்.

என் பதில் எப்போதும் ஒன்றுதான். நேராகப் பணம் கட்டி ஏறாதீர்கள். உடல் குறைபாடோ வளர்ச்சிக் குறைபாடோ உள்ள குழந்தைகளுக்கு நடக்கும் சிகிச்சைச் சவாரி வகுப்பில் முதலில் சில மாதம் தன்னார்வலராக நடங்கள். ஒரு குழந்தை குதிரையில் ஏற, பயிற்றுநர் தவிர மூன்று பேர் வரை தேவைப்படுவார்கள். குதிரையைப் பிடித்து நடத்த ஒருவர், குழந்தையின் இரு பக்கமும் ஒவ்வொருவர். ஆள் குறைந்தால் அந்தக் குழந்தைக்கு அன்று வகுப்பு இல்லை. உங்களுக்கோ, குதிரையின் காது, மூச்சு, நடை எல்லாம் தரையில் நின்றபடியே மறுபடி பழகும். சேணத்தில் உட்கார்ந்து கற்க முடியாத பல விஷயங்கள் அதன் தோளோடு தோளாக நடக்கும்போது தெரியவரும்.

ஒரு நிபந்தனை உண்டு. குழந்தைக்காகத்தான் போக வேண்டும். 'வேலை செய்தால் இலவசமாக ஏறவிடுவார்கள்' என்ற கணக்கோடு வருபவர்கள் நீடிப்பதில்லை. அவர்கள் பாதியில் நின்றால் அந்தப் பக்கத்து இடம் காலியாகிறது, குழந்தை தெரிந்த முகத்தை இழக்கிறது. சவாரி ஆசையைத் தனியாக, காசு கொடுத்து நிறைவேற்றிக்கொள்ளுங்கள். அதற்கான வழியைக் கடைசியில் சொல்கிறேன்.

இது என்ன மாதிரி வகுப்பு

குதிரை நடக்கும்போது அதன் முதுகு முன்னும் பின்னும், இடமும் வலமும், மேலும் கீழும் அசைகிறது. இந்த அசைவு மேலே உட்கார்ந்திருப்பவரின் இடுப்பெலும்பை, மனிதர் நடக்கும்போது அசையும் விதத்துக்கு மிக நெருக்கமாக அசைக்கிறது. தானாக நடக்க முடியாத ஒரு குழந்தையின் இடுப்பும் முதுகும் அரை மணி நேரம் 'நடக்கும்' அனுபவத்தைப் பெறுகின்றன. ஒவ்வொரு அடிக்கும் குழந்தை தன் உடலைச் சமன் செய்துகொண்டே இருக்க வேண்டியிருக்கிறது. மூளை முடக்குவாதம் உள்ள குழந்தைகளின் சமநிலை, உட்காரும் நிலை ஆகியவற்றில் இது உதவுவதாகப் பல ஆய்வுகள் சொல்கின்றன. அந்த ஆய்வுகளில் பெரும்பாலானவை சிறியவை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். குணமாக்கும் என்று யாராவது வாக்குக் கொடுத்தால் அந்த இடத்தை விட்டு விலகுங்கள்.

இதில் இரண்டு வகை உண்டு. ஹிப்போதெரபியில் பிசியோதெரபிஸ்ட், ஆக்குபேஷனல் தெரபிஸ்ட் அல்லது பேச்சுப் பயிற்சி நிபுணர் குதிரையின் அசைவைத் தன் சிகிச்சைக்குக் கருவியாகப் பயன்படுத்துவார். அங்கே குழந்தைக்குச் சவாரி கற்றுத் தருவது நோக்கமில்லை. சிகிச்சைச் சவாரியில் பயிற்றுநர் குழந்தைக்குச் சவாரியையே கற்றுத் தருகிறார், அதனோடு உடலும் மனமும் பலன் பெறுகின்றன. பல இடங்களில் இரண்டும் ஒரே லாயத்தில் நடக்கும். எந்த வகுப்புக்கு உங்களைக் கூப்பிட்டிருக்கிறார்கள் என்று கேட்டு வைத்துக்கொண்டால் யார் பேச்சைக் கேட்டு நடக்க வேண்டும் என்பது தெளிவாகிவிடும்.

இந்தத் துறை வளர்ந்ததில் டென்மார்க்கின் லிஸ் ஹார்டெலுக்குப் பெரிய பங்கு உண்டு. 1944-ல் கர்ப்பமாக இருந்தபோது போலியோ தாக்கி, முழங்காலுக்குக் கீழே செயலிழந்தவர். ஏற்றிவிடவும் இறக்கிவிடவும் ஆள் வேண்டும். அப்படி இருந்தும் 1952 ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில், குதிரையை நுட்பமான அசைவுகளில் நடத்திக் காட்டும் டிரசாஜ் போட்டியில் ஆண்களோடு சேர்ந்து போட்டியிட்டு வெள்ளி வென்றார். 1956-ல் மறுபடியும் வெள்ளி. அவரைப் பார்த்துத்தான் ஐரோப்பாவில் பல இடங்களில் இதற்கென மையங்கள் தொடங்கின. 1996 அட்லாண்டாவிலிருந்து பாராலிம்பிக்கில் குதிரையேற்றம் இருக்கிறது. உங்கள் பக்கத்தில் குதிரை மேல் உட்கார்ந்திருக்கும் குழந்தையும் சவாரி கற்கிற ஒரு மாணவர்தான் என்பதை மறக்காமல் இருக்க இந்த வரலாறு எனக்கு உதவுகிறது.

இடம் தேடும்போது

பெங்களூரில் குதிரைக்குப் பஞ்சமில்லை. ரேஸ் கோர்ஸ் சாலையில் டர்ஃப் கிளப், வடக்கே விமான நிலையப் பக்கம் 1996-ல் தொடங்கிய எம்பசி ரைடிங் ஸ்கூல், ராணுவ லாயங்கள், நகரைச் சுற்றிச் சின்னச் சின்னப் பள்ளிகள். ஆசிய விளையாட்டில் 2018-ல் இரண்டு வெள்ளி வென்ற ஃபௌவாத் மிர்ஸா இந்த ஊர்க்காரர்தான். ஆனால் சவாரிப் பள்ளி எல்லாவற்றிலும் சிகிச்சை வகுப்பு நடப்பதில்லை. சிறப்புப் பள்ளிகளில் கேளுங்கள். குழந்தைகளைப் பார்க்கும் பிசியோதெரபிஸ்ட்டுகளிடம் கேளுங்கள். எந்த லாயத்துக்குக் குழந்தைகளை அனுப்புகிறார்கள் என்று அவர்களுக்குத் தெரியும், எது நல்ல இடம் என்பதும் தெரியும்.

தூரத்தையும் யோசியுங்கள். லாயங்கள் பெரும்பாலும் நகரின் ஓரத்தில், வகுப்புகள் வெயில் ஏறுவதற்கு முன் காலையில். அல்சூரிலிருந்தோ மர்பி டவுனிலிருந்தோ தேவனஹள்ளிப் பக்கம் போகக் காலை ஆறு மணிக்கு முன்னால் கிளம்பினால் பாதை காலியாக இருக்கும். திரும்பும்போது ஹெப்பாள் மேம்பாலம் உங்கள் பொறுமையைச் சோதிக்கும். வாரம் ஒரு நாள், வருடம் முழுக்க இதைச் செய்ய முடியுமா என்று உண்மையாகக் கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டு ஒப்புக்கொள்ளுங்கள். இரண்டு வாரம் வந்து ஒரு வாரம் வராமல் இருப்பவரைவிட, மாதம் இரண்டு முறை என்று சொல்லி அதைத் தவறாமல் செய்பவர் குழந்தைக்கு நல்லது.

முதல் முறை போகும்போது வேலை எதுவும் செய்யாமல் ஒரு வகுப்பை ஓரமாக நின்று பாருங்கள். பிறகு கேளுங்கள். ஒவ்வொரு குழந்தைக்கும் மருத்துவரின் ஒப்புதல் படிவம் வாங்குகிறார்களா? இது மிக முக்கியம். டவுன் சிண்ட்ரோம் உள்ள குழந்தைகளில் சிலருக்குக் கழுத்தின் முதல் இரண்டு எலும்புகளுக்கு இடையே பிடிமானம் தளர்ந்திருக்கும். அதைச் சோதிக்காமல் குதிரையில் ஏற்றுவது ஆபத்து. கட்டுக்குள் வராத வலிப்பு, விலகிய இடுப்பு மூட்டு, ஆறாத படுக்கைப் புண் இவையெல்லாம் இருந்தால் ஏற்றக் கூடாது அல்லது மருத்துவர் முடிவு செய்ய வேண்டும். படிவமே கேட்காத இடத்தில் நீங்கள் பக்கத்தில் நடக்க வேண்டாம்.

குழந்தையைச் சேணத்தோடு பட்டி போட்டுக் கட்டுகிறார்களா என்றும் பாருங்கள். 'பாதுகாப்புக்காக' என்று சொல்வார்கள். குதிரை சறுக்கி விழுந்தால் கட்டிய குழந்தை அதன் அடியில் போகும். எந்தக் காரணத்துக்காகவும் சவாரி செய்பவரைக் குதிரையோடு கட்டக் கூடாது. குழந்தையின் இடுப்பில் கைப்பிடி வைத்த பெல்ட் போட்டு அதை நாம் பிடிப்பது வேறு விஷயம், அது சரி.

குதிரைகளையும் பாருங்கள். விலா எலும்பு துருத்தியிருக்கிறதா, சேணப்பட்டி படும் இடத்தில் புண் இருக்கிறதா, தண்ணீர்த் தொட்டி சுத்தமாக இருக்கிறதா, ஒரே குதிரை இடைவெளி இல்லாமல் எத்தனை குழந்தைகளைச் சுமக்கிறது. குதிரையைக் கவனிக்காத இடம் குழந்தையையும் சரியாகக் கவனிப்பதில்லை. இதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

போவதற்கு முன்

டெட்டனஸ் ஊசி போட்டு எவ்வளவு நாளாயிற்று என்று பாருங்கள். குதிரைச் சாணத்திலும் லாயத்து மண்ணிலும் அந்தக் கிருமி வாழ்கிறது. சின்ன ஆணிக்கீறல் போதும். பத்து வருடம் ஆகியிருந்தால் மருத்துவரிடம் கேட்டுப் போட்டுக்கொள்ளுங்கள்.

உடை விஷயத்தில் கண்டிப்பாக இருங்கள். முழுக்கால் பேன்ட், மூடிய உறுதியான ஷூ. செருப்பு, சாண்டல் எதுவும் கூடாது, ஒரு குளம்பு மிதித்தால் விரல் போய்விடும். துப்பட்டா வேண்டாம், தொங்கும் காதணி வேண்டாம், வளையலைக் கழற்றிவிடுங்கள். தாலிச் சங்கிலியைச் சட்டைக்குள் போட்டுக்கொள்ளுங்கள், குழந்தை விரல் அதில் மாட்டும். மல்லிகைப்பூ வைத்துக்கொண்டு வருவதையும் தவிர்க்கச் சொல்வேன். குதிரை அதை முகர்ந்து கடிக்க வரும், வாசனை தாங்காத ஆட்டிசக் குழந்தைகளும் உண்டு. சென்ட்டுக்கும் இதே காரணம்தான். மோதிரம் போட்ட கையில் கயிறு பிடிக்கக் கூடாது.

முக்கால் மணி நேரம் மணலில் நடக்க வேண்டும், அதில் பாதி நேரம் ஒரு கை தோள் உயரத்தில் இருக்கும். இப்போதே தினம் கொஞ்சம் வேகமாக நடந்து பழகுங்கள். தோள்வலியோ முதுகுவலியோ இருந்தால் மறைக்காமல் சொல்லுங்கள். குழந்தையைத் தாங்காத வேலைகளும் லாயத்தில் நிறைய இருக்கின்றன. கர்ப்பிணிகள் குதிரைப் பக்கம் நடக்கும் வேலையைத் தள்ளிப்போடுவது நல்லது.

குதிரைக்குப் பக்கத்தில் போவது

முன்பு சவாரி செய்தவர்களும் இந்தப் பகுதியைத் தாண்டிப் போகாதீர்கள். குதிரைக்குக் கண்கள் பக்கவாட்டில் இருப்பதால் ஏறக்குறைய சுற்றிலும் பார்க்கும். நெற்றிக்கு நேர் முன்னாலும் வாலுக்கு நேர் பின்னாலும்தான் அதற்குத் தெரியாது. அதனால் தோள் பக்கமாக, பேசிக்கொண்டே போங்கள், முதலில் தோளைத் தொடுங்கள். பின்பக்கம் கடக்க வேண்டுமானால் ஒன்று, முதுகில் கை வைத்தபடி மிக ஒட்டி நடங்கள். இல்லையேல் உதை எட்டாத தூரத்தில் சுற்றிப் போங்கள். இரண்டுக்கும் நடுவில் நிற்பதுதான் ஆபத்து.

காதுகள் எங்கே திரும்புகின்றனவோ அங்கே அதன் கவனம் இருக்கிறது. பின்னால் படிந்து கழுத்தோடு ஒட்டினால் கோபம் அல்லது வலி. ஒரு பின்னங்காலைத் தளர்த்தி, கீழுதடு தொங்க நின்றால் ஓய்வு. வகுப்புக்கு முன் அரை மணி நேரம் குதிரையைத் தேய்த்துத் துலக்கும் வேலை கிடைத்தால் விடாதீர்கள். ரப்பர் பிரஷ்ஷால் வட்டமாகத் தேய்த்து அழுக்கைக் கிளப்பி, நீளப் பிரஷ்ஷால் முடி போகும் திசையில் தள்ள வேண்டும். குளம்பைக் குதிகாலிலிருந்து நுனி நோக்கிச் சுத்தம் செய்யுங்கள், நடுவே முக்கோணமாக இருக்கும் மென்பகுதியைக் குத்தக் கூடாது. எந்த இடத்தைத் தொட்டால் தோல் துடிக்கிறது என்று பாருங்கள். சேணம் படும் இடத்தில் துடித்தால் உடனே பயிற்றுநரிடம் சொல்லுங்கள். வலியோடு இருக்கும் குதிரை மேல் குழந்தையை ஏற்றக் கூடாது.

லாயத்தில் குதிரையை முழுநேரமும் பார்த்துக்கொள்ளும் சைஸ் அண்ணன்மார்கள்தான் உண்மையான ஆசிரியர்கள். தமிழ், கன்னடம், உருது என்று எல்லா மொழிக்காரர்களும் இருப்பார்கள். "அண்ணா, நேத்து ராத்திரி நல்லா சாப்பிட்டானா?" என்று கேட்டுப் பாருங்கள். அந்தக் குதிரையின் மனநிலை பற்றி அவர் சொல்லும் இரண்டு வாக்கியம் அன்றைய வகுப்பு முழுக்க உங்களுக்கு உதவும்.

குழந்தையின் பக்கத்தில் நடப்பது

புதியவர்களுக்குப் பெரும்பாலும் முதலில் கிடைப்பது இந்த வேலை, சைடு வாக்கர் என்பார்கள். சுலபமாகத் தெரியும், சுலபமில்லை.

குதிரையின் தோளுக்கும் சேணத்துக்கும் பக்கத்தில், குழந்தையின் காலுக்கு நேராக நடக்க வேண்டும். பின்தங்கினால் குழந்தை உங்களைப் பார்க்கத் திரும்பும், சமநிலை போகும். எவ்வளவு பிடிக்க வேண்டும் என்பதைப் பயிற்றுநர் சொல்வார். அதிக ஆதரவு தேவைப்படும் குழந்தைக்கு, அதன் பக்கம் இருக்கும் உங்கள் கையைத் தொடையின் குறுக்கே வைத்துச் சேணத்தின் முன் விளிம்பையோ கைப்பிடியையோ பிடிக்க வேண்டும். முழங்கை தொடையில் குத்தக் கூடாது, உங்கள் எடையைக் குதிரை மேலோ குழந்தை மேலோ சாய்க்கக் கூடாது. இரண்டு பக்கமும் ஒரே அளவு அழுத்தம் இருக்க வேண்டும். ஒரு பக்கம் இறுக்கமாகவும் மறுபக்கம் தளர்ச்சியாகவும் இருந்தால் குழந்தை சரியும். கொஞ்சம் சமநிலை வந்த குழந்தைக்குக் கணுக்காலை லேசாகப் பிடித்தால் போதும். இன்னும் முன்னேறினால் கை தொடாமல், தயாராக மட்டும் நடக்கலாம்.

என் அனுபவத்தில் புதியவர்கள் அதிகமாகத் தவறுவது அதிகமாகப் பிடிப்பதில்தான். பாசம்தான் காரணம், புரிகிறது. ஆனால் குழந்தை சரிந்து, தானே நிமிரும் அந்த ஓரிரு நொடிகளில்தான் தசை வேலை செய்கிறது. நீங்கள் முன்கூட்டியே தூக்கி நிமிர்த்திவிட்டால் குழந்தை வந்ததன் பலனை நீங்கள் எடுத்துக்கொண்டதாக ஆகும். விழும் அளவுக்குப் போனால் பிடியுங்கள், அதுவரை காத்திருங்கள்.

பேச்சிலும் அதே காத்திருத்தல் வேண்டும். பயிற்றுநர் "வளையத்தை எடு" என்று சொன்னால், குழந்தை அதைக் கேட்டுப் புரிந்து கையை நகர்த்தப் பத்து நொடிகூட ஆகலாம். அதற்குள் நீங்கள் மூன்று முறை திரும்பச் சொன்னால் ஒவ்வொரு முறையும் அதன் மனதில் வேலை முதலிலிருந்து தொடங்கும். மௌனமாக எண்ணுங்கள். இரண்டு பக்கமும் இருப்பவர்களில் ஒருவர் மட்டும் பேசுவது என்று முன்பே முடிவு செய்துகொள்ளுங்கள். குழந்தையின் தலைக்கு மேலாக நீங்கள் இருவரும் அரட்டை அடிப்பது கூடவே கூடாது.

பெங்களூரில் இதில் ஒரு சிக்கல் உண்டு. வீட்டில் தமிழ், பள்ளியில் ஆங்கிலம், லாயத்தில் ஹிந்தியும் கன்னடமும். பேச்சு தாமதமான குழந்தைக்கு நான்கும் ஒரே நேரத்தில் காதில் விழுந்தால் எதற்கு இணங்குவது என்று தெரியாது. தமிழ்க் குழந்தை என்றால் அம்மாவிடம் போய், "வீட்ல எப்படிச் சொல்லுவீங்க, நேரா உக்காருன்னா, நிமிர்ந்து உக்காருன்னா?" என்று கேட்டு, பயிற்றுநரின் சம்மதத்தோடு அதே வார்த்தையை ஒவ்வொரு வாரமும் சொல்லுங்கள். தமிழ் பேசும் தன்னார்வலர் ஒருவர் தொடர்ந்து வருவது அந்தக் குழந்தைக்கு எவ்வளவு பெரிய விஷயம் என்பதைப் பல முறை பார்த்திருக்கிறேன். குதிரைக்குச் சொல்லும் கட்டளையை மட்டும் மாற்றாதீர்கள், அது குதிரை பழகிய சொல்லாகவே இருக்கட்டும். "நட" என்று பொருள்படும் அந்த ஒலியைக் குழந்தை தன் வாயால் சொல்லி, குதிரை உண்மையிலேயே நகர்வதைக் காண்பது அதற்குப் பெரிய வெற்றி. அதுவரை குதிரையைப் பிடித்து நடத்தும் லீடரும் அதை நகர்த்தாமல் காத்திருப்பார்.

கை வலித்தால் பல்லைக் கடித்துக்கொண்டு தாங்காதீர்கள். சொல்லுங்கள், குதிரையை நிறுத்துவார்கள், பக்கம் மாறலாம். ஒரு நேரத்தில் ஒருவர்தான் மாற வேண்டும், இருவரும் ஒன்றாகக் கையை எடுக்கக் கூடாது.

குழந்தையைத் தொடும் வேலை இது என்பதால் விதிகள் தெளிவாக இருக்க வேண்டும். எங்கே, எதற்காகத் தொடுகிறீர்கள் என்பதைக் குழந்தையிடம் சொல்லிவிட்டுத் தொடுங்கள். தனியாக ஒரு குழந்தையோடு லாயத்தின் மறைவில் இருக்காதீர்கள். குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் 2012-ன் போக்சோ சட்டம் பற்றி மையம் உங்களுக்கு விளக்க வேண்டும், உங்கள் பின்னணியையும் விசாரிக்க வேண்டும். விசாரித்தால் வருத்தப்படாதீர்கள், மகிழ்ச்சிப்படுங்கள். பெற்றோர் அனுமதியில்லாமல் ஒரு புகைப்படமும் வேண்டாம், வாட்ஸ்அப் ஸ்டேட்டஸும் வேண்டாம்.

பெற்றோரிடம் "பாவம், என்ன ஆச்சு குழந்தைக்கு?" என்று கேட்காதீர்கள். நம் ஊர்ப் பேச்சில் அது அக்கறையாகத்தான் வருகிறது. ஆனால் அந்த அம்மா அதே கேள்வியைப் பேருந்திலும் கல்யாண வீட்டிலும் கேட்டுக் களைத்துப்போய் இங்கே வந்திருக்கிறார். "இன்னைக்கு ரெண்டு ரவுண்டு கையை விட்டுட்டு உக்காந்தான்மா" என்று நடந்ததைச் சொல்லுங்கள், போதும்.

குதிரையைப் பிடித்து நடத்துவது

லீடர் வேலைக்கு உங்களைக் கொஞ்ச காலம் பார்த்தபிறகே விடுவார்கள். அப்படித்தான் இருக்க வேண்டும். குதிரையின் இடப்பக்கம், தலைக்கும் தோளுக்கும் நடுவில் நடந்து, போக வேண்டிய இடத்தைப் பாருங்கள். குதிரையைத் திரும்பிப் பார்த்துக்கொண்டே இழுத்தால் அது நின்றுவிடும். கயிற்றைக் கொக்கிக்கு ஓர் அடி தள்ளிப் பிடியுங்கள், மீதியை மடித்து மறு கையில் வையுங்கள். கையில் சுற்றவே கூடாது. குதிரை மிரண்டு ஓடினால் சுற்றிய கயிறு கையை நொறுக்கிவிடும். திருப்பங்கள் அகலமாக இருக்கட்டும். சட்டென நிறுத்துவதும் சட்டெனக் கிளப்புவதும் மேலே இருக்கும் குழந்தையைத் தூக்கிப் போடும். நிற்கும்போது குதிரைக்கு முன்னால், கொஞ்சம் ஓரமாக, அதைப் பார்த்தபடி நில்லுங்கள். லீடரின் கவனம் குதிரை மேல் மட்டும்.

ஏதாவது நடந்தால்

பெங்களூரில் குதிரையை மிரள வைக்கும் காரணங்கள் நிறைய. தகரக் கூரையில் திடீரென விழும் மழை, தீபாவளிக்கு முன்பே தொடங்கும் வெடி, பக்கத்து மனையில் ஓடும் ஜேசிபி, தெரு நாய். வேலைப் பங்கீடு அப்போது மாறக் கூடாது. லீடர் குதிரையைப் பார்த்துக்கொள்வார், பக்கத்தில் நடப்பவர்கள் குழந்தையை. குதிரை துள்ளினால் தொடைமேல் இருக்கும் கையை அழுத்திக் குழந்தையோடு நெருங்கி இருங்கள், ஓடிப்போய்க் கயிற்றைப் பிடிக்காதீர்கள். பயிற்றுநர் இறக்கச் சொன்னால் மட்டும் இறக்குங்கள். இரு பக்கமும் அங்கவடியிலிருந்து, அதாவது சேணத்தில் தொங்கும் கால்வளையத்திலிருந்து, குழந்தையின் பாதம் விடுபட்டதை உறுதி செய்து, ஒருவர் இடுப்பைக் கட்டிப் பிடித்துத் தன் பக்கம் இழுத்து, குதிரையை விட்டு விலகி நடக்க வேண்டும். அரீனாவில் மற்றக் குதிரைகள் எல்லாம் அப்படியே நிற்க வேண்டும். இதைச் சொல்லிக் கேட்டால் மட்டும் போதாது. பெரியவர் ஒருவரை ஏற்றி, ஒவ்வொரு பருவத்திலும் ஒத்திகை பார்க்கச் சொல்லுங்கள். ஒத்திகை பார்க்காத மையத்தில் நீங்களே அதைக் கேட்டு வாங்கலாம்.

இப்போது நீங்கள் ஏறுவது

சில மாதம் நடந்தபிறகு சேணம் தானாக அழைக்கும். அப்போது தனி வகுப்பில் சேருங்கள். முதலில் மருத்துவரைப் பாருங்கள், முக்கியமாக முதுகுத்தண்டுத் தட்டு, எலும்பு அடர்த்தி, ரத்த அழுத்தம். உங்கள் மருத்துவக் காப்பீடு குதிரைச் சவாரியைச் சாகச விளையாட்டு என்று விலக்கியிருக்கிறதா என்று படித்துப் பாருங்கள்.

எடையை உண்மையாகச் சொல்லுங்கள். குதிரை சுமக்கலாம் என்று பொதுவாகச் சொல்லப்படும் மேல் வரம்பு அதன் எடையில் ஐந்தில் ஒரு பங்கு. 400 கிலோ குதிரை என்றால் சேணத்தோடு சேர்த்து 80 கிலோ. அதற்கு மேல் இருந்தால் பெரிய குதிரை கேளுங்கள், இல்லையென்றால் காத்திருங்கள்.

ஹெல்மெட்டில் சமரசம் வேண்டாம். சைக்கிள், பைக் ஹெல்மெட் இதற்காகச் செய்யப்பட்டவை அல்ல. குதிரைச் சவாரிக்கென்று தரச்சான்று பெற்றதை வாங்குங்கள், தாடைப்பட்டியை இறுக்குங்கள், ஒரு முறை தலை அடிபட விழுந்தால் அந்த ஹெல்மெட்டை மாற்றிவிடுங்கள். பள்ளியில் எல்லோருக்கும் கொடுக்கும் பழைய ஹெல்மெட்டை நான் நம்ப மாட்டேன். ஷூவுக்குச் சின்னக் குதிகால் இருக்க வேண்டும், பாதம் அங்கவடிக்குள் நழுவாமல் அது தடுக்கும்.

உடம்பை முன்கூட்டியே தயார்ப்படுத்துங்கள். நாள் முழுக்கக் கம்ப்யூட்டர் முன் நாற்காலியில் உட்காருபவரின் இடுப்பு முன்தசைகள் சுருங்கியிருக்கும். அப்படியே ஏறினால் முழங்கால் மேலே ஏறி, உடல் முன்னால் சாயும். தினம் இடுப்பைத் திறக்கும் ஆசனங்கள், உட்கார்ந்தெழுதல், ஒற்றைக் காலில் நிற்பது. ஒரு மாதத்தில் வித்தியாசம் தெரியும். முதல் வகுப்பு முடிந்து இறங்கும்போது உள்தொடை நடுங்கும், இரண்டு நாள் படி இறங்க வலிக்கும். அது இயல்பு. முதுகில் ஊசி குத்துவது மாதிரி வலியோ கால் மரத்துப்போவதோ இயல்பில்லை, நிறுத்திவிடுங்கள்.

முதல் சில வகுப்புகளை லன்ஜ் கயிற்றில் கேளுங்கள். பயிற்றுநர் நீளக் கயிற்றில் குதிரையை வட்டமாகச் சுற்றவிடுவார், கடிவாளம் உங்கள் கையில் இருக்காது. உடலால் மட்டும் சமநிலை தேட வேண்டியிருக்கும். முன்பு கேண்டர் (தாவி ஓடும் வேகம்) வரை ஓட்டியவர்களுக்கு இது அவமானமாகத் தோன்றலாம், ஆனால் மூளைக்கு ஞாபகம் இருப்பது உடலுக்கு இருக்காது. நடையில் கண்ணை மூடி, எந்தப் பின்னங்கால் தரையில் படுகிறது என்று உணர்ந்து பாருங்கள். குழந்தைகளோடு நடந்த மாதங்கள் இங்கே கைகொடுக்கும், அந்தத் தாளம் உங்கள் காலுக்கு ஏற்கெனவே தெரியும். நடைக்கும் கேண்டருக்கும் இடைப்பட்ட வேகமான டிராட்டுக்கு அவசரம் வேண்டாம். டிராட்டின் தாளத்துக்குச் சேணத்தில் எழுந்து உட்காருவது மூச்சு வாங்காமல் வந்தபிறகே கேண்டர்.

பெங்களூர்ப் பள்ளிகளில் பந்தயத்திலிருந்து ஓய்வு பெற்ற குதிரைகளும் இருக்கும். நல்ல குதிரைகள்தான். ஆனால் கடிவாளத்தை இறுக்கிப் பிடித்தால் அதன் மேல் சாய்ந்து வேகமெடுக்கப் பழக்கப்பட்டவை. நடுவயதில் திரும்பி வருபவர் பயத்தில் செய்வது அதையேதான்: இறுக்கிப் பிடிப்பது. அது ஓடும், நீங்கள் இன்னும் இறுக்குவீர்கள். அதனால் முதல் பருவத்துக்கு வயதான, பள்ளிக்கென்றே பழகிய குதிரையைக் கேட்டு வாங்குங்கள். அழகான இளங்குதிரையைக் காட்டினால் மறுத்துவிடுங்கள்.

பயம் வரும். இருபது வயதில் இல்லாத பயம் நாற்பதில் இருக்கும், ஏனென்றால் வீட்டில் காத்திருப்பவர்கள் இருக்கிறார்கள். அதைப் பயிற்றுநரிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள். "சார், இன்னைக்கு நடை மட்டும் போதும்" என்று சொல்ல உங்களுக்கு முழு உரிமை இருக்கிறது. அதைக் கேட்டு முகம் சுளிக்கும் பயிற்றுநரை மாற்றுங்கள். தலை அடிபட விழுந்தால் 'உடனே திரும்ப ஏறினால்தான் பயம் போகும்' என்ற பழைய அறிவுரையைக் கேட்காதீர்கள். அன்று ஏற வேண்டாம், மருத்துவரைப் பாருங்கள்.

சொந்தச் சவாரியையும் தன்னார்வ வேலையையும் ஒரே காலையில் வைத்துக்கொள்ள வேண்டாம். சவாரி செய்த கால் நடுங்கும், அந்தக் காலோடு ஒரு குழந்தையைத் தாங்கி நடக்கக் கூடாது. சனிக்கிழமை குழந்தைகளுக்கு, ஞாயிற்றுக்கிழமை உங்களுக்கு என்று பிரித்துக்கொள்ளலாம். காய்ச்சலோ ஊருக்குப் போக வேண்டிய வேலையோ வந்தால் முந்தின நாள் மாலைக்குள் ஒருங்கிணைப்பாளருக்குச் சொல்லிவிடுங்கள், மாற்று ஆள் தேட அவருக்கு அந்த நேரம் தேவை.